எல்.இ.டி போட்ட பிறகு சிக்னல் குழம்புகிறதா? பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வழி

வாகனத்தில் பழைய பல்பைக் கழற்றி எல்.இ.டி பல்பைப் போட்டதும் சிக்னல் படபடவென்று அடிக்கும். அல்லது மின்னாமல் எரிந்தபடியே நிற்கும். இடது பக்கம் போட்டால் நாலு மூலையும் சேர்ந்து மின்னுவதும் உண்டு. உடனே பல்ப் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திரும்பி, வேறு பல்ப் வாங்கி, அதுவும் அப்படியே அடிக்க, இன்னும் விலை கூடியதைத் தேடுபவர்கள் அதிகம். பல்பில் பிழை இருப்பது குறைவு. பழைய பல்பின் கரண்டை நம்பிச் செய்யப்பட்ட பிளாஷரும் (சிக்னலை விட்டுவிட்டு எரியவைக்கும் சின்னப் பெட்டி), வருடக்கணக்காக உப்புக்காற்றுப் பட்ட எர்த்தும்தான் (வாகன உடம்பு வழியாகக் கரண்ட் பற்றரிக்குத் திரும்பும் இணைப்பு) பெரும்பாலும் காரணம். ஆகவே யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடைகளுக்குப் போகமுதல் எது பிழை என்று வீட்டு முற்றத்திலேயே கண்டுபிடியுங்கள். பிறகு அந்த ஒன்றை மட்டும் வாங்கினால் போதும்.

கரண்ட் கணக்கு

கார், வான்களில் சிக்னல் பல்ப் பெரும்பாலும் 12 வோல்ற் 21 வாற். அப்படி ஒரு பல்ப் 1.75 அம்பியர் இழுக்கும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, பக்கத்தில் 5 வாற் சின்னது ஒன்று என்றால் ஒரு பக்கத்துக்கு 47 வாற். கிட்டத்தட்ட 4 அம்பியர். மோட்டார் சைக்கிளில் பல்ப் பெரும்பாலும் 10 வாற். முன்னும் பின்னும் சேர்த்து 1.7 அம்பியர் அளவு வரும். உங்கள் வாகனத்தில் எத்தனை வாற் என்பது பழைய பல்பின் உலோக அடியில் பொறித்திருக்கும். எறியமுதல் வாசித்துக் குறித்துவையுங்கள். எல்.இ.டி பல்ப் பலவும் 2, 3 வாற்றோடு நின்றுவிடும். ஆக, 4 அம்பியர் போன வழியில் இப்போது அரை அம்பியர்கூடப் போகாமல் இருக்கலாம்.

பிளாஷருக்கு இதுதான் விளங்காமல் போகிறது. பழைய வகைப் பிளாஷருக்குள் சூட்டில் வளையும் உலோகத் தகடு ஒன்று இருக்கும். கரண்ட் ஓடச் சூடாகி வளைந்து தொடர்பை விடும், ஆறியதும் திரும்ப ஒட்டும். கரண்ட் போதாவிட்டால் தகடு சூடேறாது, எல்.இ.டி எரிந்தபடியே நிற்கும். பிந்தி வந்த எலக்ட்ரோனிக் பிளாஷர் கரண்டை அளந்து பார்க்கும். குறைந்தால் ஒரு பல்ப் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் அடிக்கும். அது பழுதில்லை, பல்ப் போனதைச் சாரதிக்குத் தெரிவிக்க வேண்டுமென்றே செய்த ஏற்பாடு.

சரியான வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை. கைபேசியில் 15 விநாடி வைத்து எண்ணுங்கள். 15க்கும் 30க்கும் இடையில் வந்தால் வேகத்தில் குறையில்லை.

முதலில் பழைய பல்பைத் திரும்பப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் கடைசியில் கூடச் செலவழிக்கிறார்கள். எல்லா இடத்திலும் பழைய பல்பைத் திரும்பப் போட்டு இரண்டு பக்கமும் சிக்னல் அடித்துப் பாருங்கள். சரியாக அடித்தால் வயர், சுவிச், பிளாஷர் எல்லாம் நல்லது, எல்.இ.டியின் குறைந்த கரண்ட்தான் காரணம். பழைய பல்பிலும் குழம்பினால் பிழை முந்தியே இருந்தது, எல்.இ.டி அதை வெளியே காட்டியிருக்கிறது. அதைத் திருத்தாமல் என்ன பல்ப் போட்டாலும் பயனில்லை.

பிறகு எல்.இ.டியை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒன்று போடுவது, அடித்துப் பார்ப்பது, அடுத்தது. எந்தப் பல்போடு குழப்பம் தொடங்குகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பல்பே எரியாவிட்டால் திசையைப் பாருங்கள். இழைப் பல்புக்கு நேர், மறை என்ற கவலை இல்லை, எல்.இ.டிக்கு உண்டு. கண்ணாடி அடியோடு செருகும் டி10, டி20 வகைகளைக் கழற்றி 180 பாகை திருப்பிச் செருகினால் பல வேளை எரியும். உலோக அடியில் இரண்டு காது வைத்துத் திருகிப் பூட்டும் வகையைத் திருப்ப முடியாது. அதில் வேறு ஒரு சிக்கல்: மஞ்சள் சிக்னல் பல்ப் சிலவற்றில் இரண்டு காதும் நேரெதிரே இருக்காது, சற்றுச் சாய்ந்து இருக்கும். நேரெதிர்க் காதுப் பல்பை அந்தச் சொக்கற்றில் பலமாக அமுக்காதீர்கள், காதை அராவவும் வேண்டாம். அடியில் ஒரு ஈயப் புள்ளியா இரண்டா என்பதையும் பழைய பல்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிளாஷரைத் தாண்டிப் பாலம் போடுதல்

மின்னிக்கொண்டிருக்கும் வயரில் வோல்ற் அளக்கும் மீற்றர் வைத்தால் இலக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், ஒன்றும் வாசிக்க முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. நடுவில் 10 அம்பியர் பியூஸ் வைத்த ஒரு முழ வயர் தயார் செய்யுங்கள். பிளாஷரைக் கழற்றி, அதன் சொக்கற்றில் பி, எல் என்ற இரண்டு முனைகளையும் அந்த வயரால் இணையுங்கள். பி என்பது பற்றரி பக்கம், எல் என்பது லைற் பக்கம். சிலவற்றில் 49, 49ஏ என்று இருக்கும். சாவியைப் போட்டு இடது சிக்னலைத் தட்டினால் அந்தப் பக்கப் பல்ப் எல்லாம் மின்னாமல் நின்று எரிய வேண்டும்.

எல்லாம் பிரகாசமாக எரிந்தால் பிளாஷரை மாற்றினால் போதும். ஒன்று மட்டும் எரியாவிட்டால் அந்தப் பல்ப், சொக்கற், எர்த் மூன்றில் ஒன்று. இரண்டு முனை, மூன்று முனைப் பிளாஷருக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. 8 முனையோடு பெட்டிபோல் இருப்பதிலும், கம்பியூட்டர் வழியாகச் சிக்னல் அடிக்கும் கார்களிலும் இப்படிப் பாலம் போடக் கூடாது.

எர்த்தை எப்படி அளப்பது

பாலம் போட்டபடியே இருக்கட்டும். இப்போது எல்.இ.டியைக் கழற்றிப் பழைய 21 வாற் பல்பை அந்தச் சொக்கற்றில் போடுங்கள் (மோட்டார் சைக்கிள் என்றால் 10 வாற்). மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் மறை முனையிலும், சிவப்பைச் சொக்கற்றின் உலோக உடம்பிலும் வையுங்கள். 0.2 வோல்ற்றுக்குள் வந்தால் எர்த் நல்லது. 0.5 தாண்டினால் சுத்தம் செய்தே ஆக வேண்டும். 2, 3 வோல்ற் காட்டினால் அந்த எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது.

எதற்காகப் பழைய பல்பைப் போட்டு அளக்கச் சொல்கிறோம்? எல்.இ.டி இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. அரித்துப்போன வயரில்கூட அந்தக் கரண்டுக்கு வோல்ற் இறங்காது, மீற்றர் கிட்டத்தட்ட 0 காட்டும், எல்லாம் சரி என்று ஏமாந்துவிடுவோம். 1.75 அம்பியர் ஓடும்போதுதான் அரிப்பு வெளியே தெரியும்.

யாழ்ப்பாணத்தில் இதை விட்டுவிடக் கூடாததற்குக் காரணம் இருக்கிறது. மூன்று பக்கமும் கடல், நடுவே கடல்நீரேரி. பண்ணைப் பாலத்தாலோ பொன்னாலைப் பாலத்தாலோ தினமும் போய்வரும் வாகனத்தின் பின் சிக்னல் சொக்கற்றைக் கழற்றிப் பாருங்கள்: பித்தளையில் பச்சைப் பொடி, எர்த் போல்ற்றைச் சுற்றி வெள்ளைப் பொரி, வயர் நுனியில் செப்பு கறுத்து உதிரும். கழுவும் கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு அதிகம், காய்ந்தால் அதுவும் படிந்துவிடும். போல்ற்றைக் கழற்றி, சான்ட் பேப்பரால் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, புது வயர் காது போட்டு இறுக்கி, மேலே மெல்லியதாக வசிலின் பூசுங்கள். கறுத்த வயரை வெட்டி, உள்ளே செப்பு நிறம் தெரியும் இடத்திலிருந்து புதுத் துண்டு சேர்க்க வேண்டும். கறுத்த செப்பில் ஈயம் பிடிக்காது.

எர்த் பழுதுக்கு ஒரு அடையாளம் உண்டு. சிக்னல் போடும்போது அதே மூலையில் உள்ள பின் லைற்றும் சேர்ந்து துடித்தால், அல்லது பிறேக் மிதித்ததும் சிக்னல் மங்கினால், வேறொன்றும் தேடவேண்டாம். எர்த்துக்குப் போங்கள்.

நாலு பக்கமும் மின்னினால்

மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் வருகிற குழப்பம் இது. மீற்றர் பெட்டியில் இடதுக்கும் வலதுக்கும் பொதுவாக ஒரேயொரு சின்ன சிக்னல் அடையாள லைற் இருந்தால் அதுதான் காரணம். அந்த லைற்றின் ஒரு வயர் இடது சிக்னலோடும் மற்றது வலது சிக்னலோடும் இணைந்திருக்கும். தனியாக எர்த் கிடையாது. இடது போட்டால் கரண்ட் அந்தச் சின்ன பல்பைத் தாண்டி, வலது பக்க 10 வாற் இழைகள் வழியாக எர்த்துக்குப் போகும். அந்தச் சொற்பக் கரண்ட் இழையை எரிக்கப் போதாது, அதனால் வித்தியாசம் தெரியவில்லை. எல்.இ.டிக்கோ அதுவே போதும். ஆகவே எதிர்ப்பக்கமும் மின்னுகிறது.

சோதிப்பது சுகம். அந்த அடையாள லைற்றைக் கழற்றிவிட்டுச் சிக்னல் போடுங்கள். குழப்பம் நின்றால் வழி தெரிந்துவிட்டது.

திருத்த வேண்டியவை: 1என்4007 டயோட் 2, ஒரு முழ வயர், சூட்டில் சுருங்கும் குழாய். டயோட்டின் கறுப்பு உடம்பில் ஒரு நுனியில் வெள்ளிக் கோடு இருக்கும். கரண்ட் கோடில்லாத நுனியால் உள்ளே வந்து கோட்டு நுனியால் வெளியேறும், திரும்பிப் போகாது. அடையாள லைற்றுக்கு வந்த இடது வயரை ஒரு டயோட்டின் கோடில்லாத நுனியிலும், வலது வயரை மற்றதன் கோடில்லாத நுனியிலும் ஈயத்தால் பற்றவையுங்கள். கோட்டு நுனிகள் இரண்டையும் ஒன்றாக முறுக்கி லைற்றின் ஒரு முனையில் கொடுங்கள். லைற்றின் மற்ற முனையிலிருந்து புது வயர் ஒன்றை எர்த்துக்குக் கொண்டுபோங்கள். இனி இரண்டு பக்கத்துக்கும் லைற் மின்னும், ஒரு பக்கத்துக் கரண்ட் மறுபக்கம் தாவாது.

ஓட்டோக்காரர் கவனிக்க வேண்டிய இன்னொன்று: சிக்னல் போட்டால் கத்தும் பஸர். இடது, வலது வயர்கள் இரண்டையும் ஒன்றாக முறுக்கிப் பஸரின் ஒரே முனையில் கொடுத்திருந்தால் இரண்டு பக்கமும் அங்கேயே இணைந்துவிட்டன. அதற்கும் இதே இரண்டு டயோட் வைத்தியம்தான். பின்னால் ஒட்டிய அலங்கார லைற்றுகளுக்குச் சிக்னல் வயரிலிருந்து கரண்ட் எடுத்திருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள்.

வேகமாக அடித்தால்: பிளாஷரா, றெசிஸ்ரரா?

பிளாஷரைத் தனியாகக் கழற்றக்கூடிய வாகனம் என்றால் பிளாஷரை மாற்றுங்கள். அதுதான் சரியான வழி என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. எல்.இ.டிக்கான பிளாஷர் கரண்டை அளப்பதில்லை, நேரத்தை மட்டும் பார்த்து அடிக்கும். உடம்பில் 0.1 வாற்றிலிருந்து தொடங்குவதாக அச்சிட்டிருந்தால் அது எல்.இ.டிக்கு ஏற்றது, '21 வாற் 2' என்பதுபோல் மட்டும் போட்டிருந்தால் பழைய பல்புக்கானது.

வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். முனைகளின் எண்ணிக்கை மட்டும் ஒத்துப்போனால் போதாது, எழுத்துகளின் ஒழுங்கும் ஒத்துப்போக வேண்டும். மூன்று முனைப் பிளாஷர்கள் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தும் பி, எல், ஈ முனைகள் இடம் மாறி இருக்கும். மாறிச் செருகினால் அடிக்காது, சிலவேளை அந்த நிமிடமே எரிந்தும் போகும். ஈ என்பது எர்த். இரண்டு முனைப் பிளாஷர் இருந்த மோட்டார் சைக்கிளுக்கு மூன்று முனை கிடைத்தால், ஈ முனையிலிருந்து ஒரு வயரைச் சேசிஸ் போல்ற்றுக்குக் கொடுங்கள். எல்.இ.டி மிகச் சின்னது என்றால் இரண்டு முனைப் பிளாஷர் தன்னை இயக்கவே கரண்ட் போதாமல் தடுமாறும், அங்கே மூன்று முனைதான் நிற்கும்.

பிளாஷரை மாற்ற முடியாத இடத்தில் மட்டும், பழைய பல்பின் அளவு கரண்டை இழுத்துக் காட்டும் றெசிஸ்ரர். பொன்னிற அலுமினிய உடம்போடு கிடைக்கும் 50 வாற் 6 ஓம் வகை 21 வாற் பல்புக்கு ஈடு. 12 வோல்ற்றில் 2 அம்பியர் இழுக்கும். 10 வாற் பல்புக்குப் பதில் என்றால் 25 வாற் 10 ஓம் போதும். ஒவ்வொரு எல்.இ.டிக்கும் அருகே, சிக்னல் வயருக்கும் எர்த் வயருக்கும் குறுக்காகப் பூட்டுங்கள். சிக்னல் வயரை வெட்டி நடுவில் வைத்தால் வேகம் குறையாது, எல்.இ.டியும் மங்கலாம்.

சூட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ற் வரும். அப்போது அந்த 6 ஓம் றெசிஸ்ரர் எரியும் நேரத்தில் 32 வாற்றுக்கு மேல் சூடாக வெளியேற்றுகிறது. பாதி நேரம் அணைந்திருந்தாலும் தோல் பொசுங்கும் அளவு சூடு. வாகனத்தின் இரும்பு உடம்பில் இரண்டு ஆணி போட்டு இறுக்க வேண்டும். பிளாஸ்ரிக் லைற் பெட்டியில் ஒட்டுவதும், வயர்க் கட்டோடு சேர்த்து ரேப் சுற்றுவதும் தீ வைப்பதற்குச் சமம். பிறேக் லைற் வயரில் இந்தவகை றெசிஸ்ரர் போடவே வேண்டாம். நெரிசலில் பிறேக் மிதித்தபடி நிற்கும்போது அது ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

தனிப் பிளாஷர் இல்லாமல் கம்பியூட்டரே சிக்னல் அடிக்கும் புதிய கார்களில் றெசிஸ்ரர் அல்லது உள்ளேயே றெசிஸ்ரர் வைத்த பல்ப் தவிர வேறு வழி சுருங்கிவிடும். அந்த வகைப் பல்புகளும் சூடாகும். அந்தக் கார்களில் பழைய மஞ்சள் பல்பை அப்படியே விட்டுவிடுவதுதான் எங்கள் ஆலோசனை. மிச்சமாகும் மின்சாரம் பெரிதில்லை.

அணைத்த பிறகும் மங்கலாக மினுங்கினால்

எங்கோ கசியும் சொட்டுக் கரண்ட். கம்பியூட்டர் பல்ப் இருக்கிறதா என்று சோதிக்க அனுப்பும் துடிப்பாக இருக்கலாம். ஈரமும் உப்பும் ஏறிய சொக்கற்றுக்குள் பக்கத்து வயரிலிருந்து கசிவதாகவும் இருக்கலாம். சொக்கற்றைக் கழுவிக் காயவிட்டும் நிற்காவிட்டால் பல்புக்குக் குறுக்காக 1000 ஓம், அரை வாற் றெசிஸ்ரர் ஒன்று போதும். இது சூடேறாது.

சிக்னல் போட்டால் மீற்றர் வெளிச்சமும் சேர்ந்து துடிக்கிறதா? பார்க்கிங் லைற்றும் சிக்னலும் ஒரே பல்பில் உள்ள இரட்டை வகை என்றால், அந்த எல்.இ.டிக்குள் இரண்டு வழிகளும் சரியாகப் பிரிக்கப்படாமல் இருக்கலாம். அதைக் கழற்றியதும் துடிப்பு நின்றால் பல்பை மாற்றுங்கள். பல்பையே குற்றம் சொல்லக்கூடிய சில இடங்களில் இது ஒன்று.

எஞ்சின் ஓடாதபோது ஒழுங்காக அடித்து, ஓடத் தொடங்கியதும் குழம்பும் மோட்டார் சைக்கிளில் பற்றரி முனைகளில் வோல்ற் பாருங்கள். அக்சிலேற்றர் கொடுக்கும்போது 13.5க்கும் 14.8க்கும் இடையில் நிற்க வேண்டும். 15 தாண்டினால் சார்ஜ் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் றெகுலேற்றர் பழுது. அதை விட்டுவைத்தால் எத்தனை எல்.இ.டி வாங்கினாலும் எரிந்துகொண்டே இருக்கும்.

பழைய ஒஸ்ரின், மொறிஸ், பிறகு லொறி

எங்கள் ஊரில் இன்னும் ஓடும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தக் காலத்து பிரித்தானியக் கார்களில் பலவற்றுக்கு நேர் முனைதான் எர்த். பிறகு மாற்றப்பட்டவையும் உண்டு, ஆகவே ஊகிக்காதீர்கள். பற்றரியிலிருந்து உடம்புக்குப் போகும் தடித்த வயர் எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள். நேர் முனையில் என்றால் சாதாரண எல்.இ.டி எரியாது, எப்பக்கமும் எரியும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மூன்று முனை எலக்ட்ரோனிக் பிளாஷரை அதில் அப்படியே பூட்டினால் போய்விடும். மேலே சொன்ன டயோட்டுகளும் அங்கே தலைகீழாகத்தான் வரும்.

24 வோல்ற் லொறி, பஸ்களுக்கு 12 வோல்ற் 6 ஓம் றெசிஸ்ரரை எடுத்துப் போடாதீர்கள். எஞ்சின் ஓடும் 28 வோல்ற்றில் அது 130 வாற் சூடாகும், 50 வாற் உடம்பு தாங்காது. 21 வாற் பல்புக்கு ஈடாக 27 ஓம், 50 வாற் எடுங்கள். பல்பிலும் பிளாஷரிலும் 24 வோல்ற் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறமும் வெளிச்சமும்

மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் எல்.இ.டிதான் போட வேண்டும். வெள்ளை எல்.இ.டியின் வெளிச்சத்தில் பெரும்பகுதியை மஞ்சள் கண்ணாடி விழுங்கிவிடும், வெளியே வருவது வெளிறிப்போய் இருக்கும். எல்.இ.டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். பழைய இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசி, பின்னாலுள்ள தெறிகண்ணாடியை நிரப்பியது. நுனியில் மட்டும் எல்.இ.டி உள்ள பல்ப் நடுவில் ஒரு புள்ளியாக மட்டும் தெரியும், சுற்றிலும் எல்.இ.டி உள்ளதை எடுங்கள்.

வேலை முடிந்ததும் நண்பகல் வெயிலில் வாகனத்தை நிறுத்தி, ஒருவரைச் சிக்னல் போடச் சொல்லிவிட்டு 50 மீற்றர் பின்னால் நடந்து போய்ப் பாருங்கள். பிறகு சாய்வாக நின்று பக்கத்திலிருந்தும் பாருங்கள். கண்டி வீதியில் பின்னால் வரும் பஸ் சாரதிக்கு இரவில் தெரிந்தால் மட்டும் போதாது, உச்சி வெயிலிலும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எவ்வளவு அழகாக அடித்தாலும் அந்தப் பல்பைக் கழற்றிப் பழையதைப் போடுங்கள்.

கடைசியாக நான்கு சிக்னலையும் ஒன்றாகப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். றெசிஸ்ரர் பூட்டிய இடத்தில் பிளாஸ்ரிக் மணம் வருகிறதா, பல்ப் மங்குகிறதா, வேகம் மாறுகிறதா என்று கவனியுங்கள். ஐப்பசி மழை தொடங்கமுதல் லைற்றுகளின் றப்பர் வாசரையும், எர்த் போல்ற்றில் பூசிய வசிலினையும் இன்னொருமுறை பாருங்கள். பின் லைற்றின் கண்ணாடிக்குள் நீராவி படிந்திருந்தால் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. கழற்றிக் காயவைத்து, வாசரை மாற்றிய பிறகு பூட்டுங்கள்.